எண் ஏழு கிரேனின் அடியில்

பகலெல்லாம் நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் குனிந்து உட்கார்ந்து
இரும்புப் பெட்டிகளை எடுத்து
இரும்புப் பெட்டிகள்மேல் வைக்கிறேன்.
கடல் அப்போது எனக்குப்
பெட்டி வைக்கக்கூடாத இடம், அவ்வளவுதான்.

வெள்ளி இரவு ஏழரைக்கு
அதே கிரேனின் காலடிக்குப்
படகில் வருகிறேன், காசு கொடுத்து.

படகு மிட்சுயோவுடையது.
யோகோஹாமாவில் ஒரு பல் மருத்துவரிடம்
பதினோரு வருடம் உதவிக்கு நின்றவர்.
"வேலை மாறவில்லை" என்பார்,
"இவையும் வாயைத் திறக்க மறுக்கின்றன."

உடன் வந்திருப்பவர் குசாகாபே, வங்கிக்காரர்.
கரையை விட்டதிலிருந்து
அவர் கைபேசி மூன்று முறை அதிர்ந்தது.
மூன்று முறையும்
"ஆமாம், அலுவலகத்தில்தான்" என்றார்.

துறைமுக விளக்கின் வெளிச்சம்
நீரில் ஒரு கோட்டோடு முடிகிறது.
கோட்டுக்கு அப்பால் தூண்களின் இருட்டு.
மீன் இருட்டில் நிற்கும்
வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு,
டிக்கெட் வாங்கியவர்களைப் போல.

என் பொய்மீன் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
முதுகு கறுப்பு, வயிறு வெள்ளி,
உள்ளே இரண்டு குண்டுகள், குலுக்கினால் கிலுகிலுக்கும்.
முட்களின் எதிர்ப்பல்லை
மிட்சுயோ முன்பே இடுக்கியால் நசுக்கிவிட்டார்.

நன்றாக நீந்துகிற பொய்மீனை எதுவும் தொடாது.
அடிபட்டதுபோல் நீந்தவேண்டும்.
இழு. நிறுத்து.
லேசாக நடுங்கி ஒரு பக்கம் சாய்.
இதைக் கற்க எனக்கு
நான்கு குளிர்காலங்கள் ஆயின.

முப்பதாவது வீச்சோ நாற்பதாவதோ,
வெளிச்சக் கோட்டைத் தாண்டும் இடத்தில்
யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் ஓர் அடி.

கோல் வளைந்தது.
நீரைக் கிழித்து எழுந்து
செவுள் இரண்டும் சிவப்பாய் விரியத்
தலையை உலுக்கியது.
ஈரத்துணியை உதறும் சத்தம்.
செவுள் கழுவுதல் என்பார்கள் இங்கே.
பாதி மீன்கள் அதிலேயே முள்ளைத் துப்பிவிடும்.
துப்பிவிடு என்று ஒரு கணம் நினைத்தேன்,
ஏனென்று தெரியவில்லை.
நரம்பைத் தளரவிடாமல் கைகள்
தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

வலையில் ஏறியது.
"எண்பது என்று போட்டுக்கொள்ளலாமா?" குசாகாபே.
"எழுபத்தொன்பது" என்றார் மிட்சுயோ
அளவுப் பலகையிலிருந்து கண்ணெடுக்காமல்.

சிறிதாக இருக்கையில் இதன் பெயர் செய்கோ.
முழங்கை நீளத்துக்கு வந்தால் ஃபுக்கோ.
அதையும் தாண்டினால்தான் சுசுகி.
பதவி உயர்வு பெறும் மீன் என்று
நல்ல நாட்களில் பரிமாறுவார்கள்.
பத்தொன்பது வருடமாக எண் ஏழிலேயே இருக்கும் நான்
இருகையாலும் அதை நீரில் இறக்கினேன்,
மாற்றலாகிப் போகும் மேலாளரை வழியனுப்புவதுபோல.

அது போகவில்லை.

கட்டைவிரலால் கீழ்த்தாடையைப் பிடித்திருந்தேன்.
படகு மெல்ல நகர
கடல் அதன் வாய்வழி நுழைந்து
செவுள்வழி வெளியேறியது.
ஹனேடாவுக்கு ஒரு விமானம் இறங்கியது.
இன்னொன்று.
மூன்றாவதும் இறங்கியது.
கை மரத்துப்போனது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு கடித்தது.
பல் என்று சொல்லமுடியாது, உப்புத்தாள்.
முகமெல்லாம் தண்ணீர்,
கையில் ஒன்றுமில்லை.

"நல்ல நோயாளி" என்றார் மிட்சுயோ.

நாலாவது முறை கைபேசி அதிர்ந்தபோது
குசாகாபே எடுத்து
"கடலில் இருக்கிறேன்" என்றார்.
அந்தப் பக்கம் வெகுநேரம்
யாரும் பேசவில்லை போலும்.
காதில் வைத்தபடியே நின்றார்.

திங்கள் காலை, எண் ஏழு.
கட்டைவிரல் இன்னும் சொரசொரக்கிறது,
நெம்புகோலைத் தொடும்போதெல்லாம் எரிகிறது.
கண்ணாடித் தரைக்குக் கீழே
பகல் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருக்கிறது,
அந்தக் கோடு எங்கே இருந்ததென்றே தெரியவில்லை.

பெட்டியைத் தூக்குகிறேன்.
நிறுத்துகிறேன்.
லேசாக நடுங்கி ஒரு பக்கம் சாய்கிறது.

"ஏழு, என்ன ஆயிற்று?" என்கிறது ரேடியோ.
ஒன்றுமில்லை, காற்று என்கிறேன்.